பதினேழாம் படித் தண்ணீர்: ஓர் ஆற்றங்கரைப் பூங்காவின் வேலைக் குறிப்புகள்

முதல் வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் படகுத்துறையைக் காணோம். ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தோம். அப்படி இல்லை. கடப்பாரையை இறக்கியதும் 60 செ.மீ. ஆழத்தில் ‘ணங்’ என்று கான்கிரீட் தட்டியது. துறை போட்ட இடத்தில்தான் இருந்தது, மேலே முழுக்க வண்டல். மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஜல்லி சுமந்து போட்ட தளம் அது. அன்று யாரும் பேசவில்லை. கொத்தனார் அண்ணன் மட்டும் ஒரு கை வண்டலை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, “மாவு மாதிரி இருக்கு. தள்ளிட்டு வரல, மெதுவா படிய வச்சிருக்கு” என்றார். அந்த ஒரு வரியில்தான் எங்கள் தவறு என்னவென்று விளங்க ஆரம்பித்தது.

ஆற்றோரமாக மூன்றே கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா. துடுப்புப் படகுகளை இறக்க ஒரு துறை, நடந்து போக ஒரு பாதை, இந்தக் கரையில் பிழைத்தவர்களின் வேலையைச் சொல்லும் சில பலகைகள். நாங்கள் 11 பேர். அனுமதி வாங்கவே எட்டு மாதம் ஆனது. அதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் எதுவரை ஏறும் என்ற கோட்டை வரைபடத்திலேயே போட்டு எடுத்துப் போனால், கேட்க இருக்கும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும். அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

படகுத்துறைக்கு நாங்கள் முதலில் தேர்ந்த இடம் ஆற்று வளைவின் உட்பக்கம். தரை சமமாக இருந்தது, வண்டி நிறுத்தப் பக்கம், தண்ணீரும் அமைதி. குழந்தைகளை இறக்கத் தோதான இடம் என்று தோன்றியது. அந்த அமைதிதான் எங்களை ஏமாற்றியது. வளைவில் திரும்பும்போது மேல்தண்ணீர் வெளிக்கரையை நோக்கி வேகமாகத் தள்ளும். அடித்தண்ணீர் வேகம் குறைந்து, மணலையும் வண்டலையும் உருட்டிக்கொண்டு உட்கரைக்கு வரும். கலக்கிய தேநீர்க் கோப்பையில் இலைத்தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் வந்து குவிவதும் இதே காரணத்தால்தான். ஆறுகள் ஏன் வளைகின்றன என்று விளக்க 1926-இல் ஐன்ஸ்டைன் எடுத்துக்கொண்ட உதாரணம் இந்தத் தேநீர்க் கோப்பை. வெளிக்கரை அரிபடும், உட்கரை மேடாகும். பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். கரையில் நின்று இடம் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

வண்டலை அள்ளிக்கொண்டிருந்த மூன்றாம் நாள் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். வயது 78. இந்த ஆற்றில் இளவயதில் ஓடம் தள்ளியவர்.

“இங்க ஏன் தம்பி கட்டுனீங்க? ஆறு மண்ணு கொட்டுற எடமாச்சே.”

“வேற எங்கய்யா கட்டுறது? அந்தப் பக்கம் முழுக்கப் பள்ளமா இருக்கே.”

“எங்க ஓடம் எங்க நின்னுச்சோ அங்கதான்” என்று சொல்லிவிட்டு நடந்தார். 300 மீட்டர் மேலே ஒரு முள்புதர். பத்துத் தடவையாவது நாங்கள் சுற்றிக்கொண்டு போன புதர். கைத்தடியால் விலக்கிக் காட்டினார். கீழே கருங்கல் படி.

ஆறு வரும் பக்கத்தில் ஒரு பாறை மூக்கு நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறது. அதில் மோதும் நீரோட்டம் விலகி நடு ஆற்றுக்குப் போய்விடுகிறது. பாறைக்குக் கீழ்ப்புறம், படித்துறைக்கு முன்னால், தண்ணீர் மெல்லத் திரும்பி மேல்நோக்கி வருகிறது. ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார்த்தேன். பத்தடி கீழே போய், வளைந்து, திரும்பிப் படிக்கே வந்து ஒட்டிக்கொண்டது. படகு விடுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கரையேற வருகிறவன் இந்த எதிரோட்டத்துக்குள் மூக்கை நுழைத்தால் போதும், படகைத் தண்ணீரே பிடித்து நிறுத்தும். புறப்படுகிறவனுக்கு ஏறி உட்கார்ந்து துடுப்பைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். திரும்பும் ஓட்டம் முழுக்கத் தேங்கி நிற்காததால் வண்டலும் அதிகம் தங்காது. துறை எங்கே வேண்டும் என்று இத்தனை மாதம் நாங்கள் யோசித்ததற்கு எப்போதோ யாரோ கல்லில் பதில் எழுதி வைத்திருந்தார்கள். அன்று முதல் பூங்காவின் வரைபடமே மாறியது. பழையதைத் தேடிப் பார்த்து அதற்குப் பக்கத்தில் புதியதை வைப்பது என்று முடிவெடுத்தோம்.

புதரை அகற்றும்போது முதலில் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தோம். முள்மரத்தின் வேரைக் கயிறு கட்டி இழுத்தோம். வேரோடு இரண்டு படிக்கற்களும் பெயர்ந்து வந்தன. அதன் பிறகு எந்த வேரையும் இழுக்கவில்லை. மரத்தைத் தரையோடு அறுத்துவிட்டு, மறுபடி துளிர்ப்பதைக் கிள்ளிக்கொண்டே இருந்தோம். வேர் காய்ந்து சுருங்கியதும் இடுக்கிலிருந்து துண்டு துண்டாக உருவினோம். நான்கு மாதம் பிடித்தது. இந்த வேலைக்கு அவசரம் ஆகாது.

படிகளை நாங்கள் கீழிருந்து மேலாக எண்ணிச் சுண்ணக்கட்டியால் எண் போட்டோம். கல் கழற்றுவதற்கு முன் எண், படம், அளவு, இந்த மூன்றும் கட்டாயம். பெரியவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “மேலேர்ந்து எண்ணணும் தம்பி. கீழ்ப்படிய மண்ணு மூடிடும், கணக்கு தப்பிப் போயிடும்.” எல்லா எண்ணையும் அழித்து மாற்றி எழுதினோம். அவர் சொன்னது சரிதான். முதலில் தெரிந்தவை 19 படிகள், தோண்டத் தோண்ட 23 ஆயின. படி ஒன்றின் ஓரத்தில் ஓடம் கட்டும் இரும்பு வளையம் கல்லோடு ஈயம் ஊற்றிப் பதித்தபடி கிடந்தது. கயிறு தேய்த்து வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் சுண்டுவிரல் பருமனுக்கு இளைத்திருந்தது. அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கவில்லை. துருவைக் கம்பித் தூரிகையால் லேசாகத் துடைத்து எண்ணெய் தடவி விட்டோம்.

பழுதுபார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 6 முதல் 9 வரையிலான படிகளின் இடுக்குகளில் யாரோ முன்பே சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் அப்படியே உறுதியாக நிற்கிறது, அதை ஒட்டிய கல்லின் ஓரம்தான் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறது. மற்றப் படிகளில் சுண்ணாம்புக் காரை கரைந்து போயிருந்தது, கல் முழுசாக இருந்தது. காரணம் இதுதான்: கல்லுக்குள் ஏறும் ஈரம் எங்காவது வெளியேற வேண்டும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். கட்டடம் சற்று அசைந்தால் தானும் வளைந்துகொடுக்கும். அடர்ந்த சிமெண்ட் வழியை அடைத்துவிடுவதால் ஈரமும் உப்பும் கல்லின் ஓரத்தில் சேர்ந்து அதையே உடைக்கின்றன. காரை தேய்ந்தால் மறுபடி பூசலாம். கல் தேய்ந்தால் திரும்பக் கிடைக்காது.

சிமெண்டை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு கையாலேயே எடுத்தோம். இயந்திரம் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகக் கழுவி, ஈரம் காயும் முன் காரை திணித்தோம். கலவை: நீற்றுச் சேறாக ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி 1, மணல் 2. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. வெறும் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், எப்போதும் நீர் ஊறிக் கிடக்கும் இடத்தில் அது சரியாக நடக்காது. சுர்க்கி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். ஒரு கைப்பிடி மணலைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், மேலே படியும் களிமண் எவ்வளவு என்று தெரியும். எங்கள் முதல் லோடில் விரல் கனத்துக்குக் களிமண் இருந்தது, திருப்பிவிட்டோம். பூசிய இடத்தில் ஈரச் சணல் சாக்கு போட்டு இரண்டு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொண்டோம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

கடைசி நான்கு படிகள் ஆண்டு முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பவை. மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை விலக்கி வேலை செய்தோம். அங்கே காரையே போடவில்லை. கல்லை மட்டம் பார்த்து வைத்து, சில்லுக்கல் அடித்து இறுக்கியதோடு சரி. கொத்தனார் அண்ணன் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று ஒற்றைக் காலில் அசைத்துப் பார்த்தார். துளி ஆடினாலும் மறுபடி எடுத்து வைத்தார். படிக்கு முன்பக்கமாக ஒரு விரல் வாட்டம் கொடுத்தோம், தண்ணீர் தேங்கினால் பாசி பிடித்து வழுக்கும் என்பதால்.

படகைத் தூக்கிக்கொண்டு 23 படி இறங்குவது சரிவராது. படித்துறையில் ஆணி அடிக்கவும் மனமில்லை. அதனால் படிகளுக்குப் பக்கத்து மண்கரையில், கல் நிரப்பிய கம்பிக் கூடைகளின் மேல் இரண்டு மரச்சட்டங்களை 1-க்கு 8 வாட்டத்தில், அதாவது எட்டடிக்கு ஓரடி இறங்கும்படி, பதித்தோம். படகை அதன் மேல் வைத்துக் கயிற்றில் விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகச் சாலையிலிருந்து படித்துறையின் மேல்தளம் வரை 1-க்கு 12 வாட்டத்தில் வளைத்து ஒரு பாதை போட்டோம். 2.4 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 29 மீட்டர் நீளம், ஒவ்வொரு 9 மீட்டருக்கும் நின்று இளைப்பாற ஒரு சமதளம். முதலில் 1-க்கு 10 போதும் என்று போட்டிருந்தோம். நாற்காலியில் வந்த எங்கள் தோழி ஒருவர் பாதி ஏறி, கை வலித்து நின்றுவிட்டார். மறுவாரமே வெட்டி மாற்றினோம்.

தண்ணீரை அளந்த நாள்தான் எனக்கு மிகப் பிடித்த நாள். பெரியவரிடம், “எவ்வளவு தண்ணி வந்தா ஓடம் விட மாட்டீங்க?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “ஒம்பதாம் படி நனைஞ்சா ஓடத்தை மேலே ஏத்திடுவோம். பதினேழாம் படித் தண்ணி நல்ல தண்ணி. பத்தொம்பது வெளியே வந்துச்சுன்னா தரை தட்டும்.” படித்துறையே அவர்களுக்கு அளவுகோல். எங்களிடம் வண்ணம் பூசிய புது அளவுகோல் பலகை ஒன்று பொருத்தத் தயாராக இருந்தது. அதை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் சொன்ன படிகளை எண்ணாக மாற்றிப் பார்க்க முடியுமா என்று இறங்கினோம்.

நேரான இடத்தில் கரையோரம் 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டோம். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நடு ஆற்றில் விட்டு நேரம் பார்த்தோம். 17-ஆம் படித் தண்ணீரில் பத்து முறை விட்டதில் சராசரி 32 நொடி. அதாவது மேல்தண்ணீரின் வேகம் நொடிக்கு 0.63 மீட்டர். அடியில் உராய்வு இருப்பதால் மொத்த ஆற்றின் சராசரி வேகம் இதைவிடக் குறைவு. வழக்கமாக 0.85 ஆல் பெருக்குவார்கள், வந்தது 0.53. குறுக்கே கயிறு கட்டி இரண்டு மீட்டருக்கு ஓரிடம் ஆழம் பார்த்ததில் அகலம் 24 மீட்டர், சராசரி ஆழம் 0.7. மூன்றையும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 9 கன மீட்டர்.

மழைக்காலத்தில் 9-ஆம் படி நனைந்த அன்று மீண்டும் போனோம். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை, மிதவையைக் கரையிலிருந்தே எறிந்தோம். 13 நொடி. கணக்குப் போட்டால் நொடிக்கு 78 கன மீட்டர் வரை போகிறது. அளவைவிட வேகத்தைத்தான் கவனிக்க வேண்டும். சராசரி வேகம் 0.53-இலிருந்து 1.3-க்கு ஏறியிருக்கிறது, இரண்டரை மடங்கு. ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். கிளையில் குறுக்காகச் சிக்கிய படகின் மேல் 17-ஆம் படித் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்தைப் போல ஆறு மடங்கு, 9-ஆம் படித் தண்ணீரில். ஓடக்காரர்கள் எங்கே கோடு கிழித்தார்களோ அங்கேயே நாங்களும் கிழித்தோம். 19 முதல் 13 வரை யாரும் விடலாம், 12 முதல் 10 வரை பழகியவர்கள் மட்டும், 9 நனைந்தால் துறை மூடப்படும். புது அளவுகோல் பலகை இன்னும் மூலையில்தான் இருக்கிறது.

துறைக்கு அரைக் கிலோமீட்டர் கீழே ஒரு பழைய கல் தடுப்பணை இருக்கிறது. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கரையிலிருந்து பார்க்க அழகு, சின்னது, பலரும் அதில் படகை விட்டால் என்ன என்று கேட்டார்கள். நாங்கள் அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு அதற்குக் கீழே ஒரு மரக்கட்டை சுழன்றுகொண்டிருந்தது. மேலே வரும், அணையை நோக்கிப் போகும், விழும் தண்ணீரில் அமுங்கும், பத்தடி தள்ளி மறுபடி எழும். மதியம் வேலை முடித்துத் திரும்பும்போதும் அதே கட்டை அதே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தது. தடுப்பணையின் மேலிருந்து விழும் நீர் அடி வரை போய், தள்ளி எழுந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்புகிறது. உள்ளே போன எதையும் அது வெளியே விடாது. நுரைத் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் மிதவைச் சட்டை போட்டிருந்தாலும் முழு மிதப்பு கிடைக்காது.

படகில் உட்கார்ந்தவரின் கண் தண்ணீரிலிருந்து 80 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் அணை தெரியாது, ஆற்றின் குறுக்கே ஒரு நேர்கோடு மட்டும் தெரியும். நானே படகில் போய், கரையில் கயிறு பிடித்த மூன்று பேரை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் அந்தக் கோடு கண்ணில் படுகிறது என்று குறித்தேன். எச்சரிக்கைப் பலகைகளை அதற்கும் மேலே, அணையிலிருந்து 200 மீட்டரில், இரு கரையிலும் படகிலிருந்து படிக்கிற மாதிரி ஆற்றை நோக்கித் திருப்பி வைத்தோம். 90 மீட்டரில் கட்டாயக் கரையேறும் இடம். அங்கிருந்து படகைச் சுமந்து அணையைச் சுற்றிப் போக 210 மீட்டர் பாதை, ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு பேர் படகோடு எதிரெதிரே வந்தாலும் இடிக்காத திருப்பங்கள். பூங்காவில் வேறு எந்த வேலையைத் தள்ளிப்போட்டிருந்தாலும் பரவாயில்லை, இதை முடிக்காமல் துறையைத் திறக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஆற்றில் விழுந்து கிடந்த மரங்களிலும் ஒரு கவனம் வேண்டும். கிளைகள் சல்லடை போலத் தண்ணீரை விட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். படகு போகும் வழியில் நீட்டிய கிளைகளை மட்டும் அறுத்தோம். அடிமரத்தையும் வேர்த்தூரையும் விட்டுவிட்டோம், மீன் குஞ்சுகளுக்கு அதுதான் வீடு.

நடைபாதைக்கு வருகிறேன். கரையோரம் ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது, மாடு மேய்ப்பவர்கள் நடக்கும் தடம் என்று நினைத்திருந்தோம். எங்களோடு வந்த அக்கா ஒருவர் பழைய பாலத்தின் மூலைக்கல்லைத் தடவிப் பார்த்து, “இதுல விரல் போகுது பாருங்க” என்றார். கல்லில் ஏழெட்டுப் பள்ளங்கள், வழவழப்பாக, கட்டைவிரல் அகலத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து. எதிரோட்டத்தில் ஏறும் சரக்குப் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள். ஈரக் கயிற்றில் ஒட்டிய மணல் ஒவ்வொரு முறையும் கல்லை அறுத்திருக்கிறது. நாங்கள் நடந்துகொண்டிருந்தது இழுவைப் பாதை.

இப்படி மிஞ்சிய பாதைகள் பெரிய பூங்காக்களாகியிருக்கின்றன. அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய செசபீக்–ஒஹாயோ கால்வாய் 1924 வெள்ளத்தோடு போக்குவரத்தை இழந்தது. கோவேறு கழுதைகள் படகிழுத்த கரைப்பாதை மட்டும் மிஞ்சியது. அதன் மேல் வாகனச் சாலை போடும் திட்டத்தை ஒரு நாளிதழ் ஆதரித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதன் ஆசிரியர்களை என்னோடு நடந்து பாருங்கள் என்று அழைத்தார். 1954-இல் நடந்தார்கள். 184.5 மைல், ஏறக்குறைய 297 கிலோமீட்டர். கடைசி வரை நடந்தவர்கள் 9 பேர். சாலை வரவில்லை, 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. எங்கள் இழுவைப் பாதை 1.8 கிலோமீட்டர்தான். அனுமதிக் கூட்டத்துக்கு வந்தவர்களை மேசையில் உட்காரவைக்காமல் அந்தப் பாதையில் நடத்திக் கூட்டிப் போனோம், மூலைக்கல்லில் விரல் வைக்கச் சொன்னோம்.

இழுவைப் பாதையில் 140 மீட்டரை வெளிவளைவு அரித்துத் தின்றுவிட்டது. அங்கே மேட்டில் ஏறிச் சுற்ற வேண்டும், உயரம் 9 மீட்டர். முதலில் நேராக 30 மீட்டரில் ஏற்றினோம். ஒரே மழையில் பாதை ஓடையானது. சரிவில் தண்ணீர் இறங்கும் வழியும் நாங்கள் போட்ட வழியும் ஒன்றாக இருந்ததுதான் காரணம். பாதை போடுகிறவர்களிடம் ஒரு பாதிக் கணக்கு உண்டு: மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது. மீறினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடே ஓடும். எங்கள் சரிவு 30 சதவீதம், 15-க்குள் இருந்தாக வேண்டும். இரண்டாம் முறை சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் வளைத்து 110 மீட்டராக நீட்டினோம், ஏற்றம் 8 சதவீதமானது. 1.2 மீட்டர் அகலப் பாதைக்கு ஆற்றுப்பக்கம் 6 செ.மீ. வாட்டம். ஒரு பலகையின் ஒரு முனைக்கு அடியில் 6 செ.மீ. கட்டையை ஆணியடித்து, மேலே ரசமட்டத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியிலும் சரிபார்த்தோம். 15 மீட்டருக்கு ஓரிடத்தில், ஏறிக்கொண்டிருக்கும் பாதை மூன்று நான்கு அடி லேசாக இறங்கி மறுபடி ஏறும். நடப்பவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்த இறக்கத்தில் அது வெளியேறிவிடும்.

நாணல் மண்டிய ஓரங்களைத் தொடவில்லை. பூங்கா என்றால் வெட்டிச் சுத்தமாக வைப்பது என்று சிலர் சொன்னார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கரையைப் பிடித்து நிற்பது அந்த வேர்கள்தான். நடு ஆற்று மணல்திட்டில் பறவைகள் முட்டையிடும் மாதங்களில் படகு ஒதுங்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டோம்.

பலகைகளில் முதலில் எழுதியதை எல்லாம் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஒன்றில் 300 சொல் இருந்தது. ஒரு ஞாயிறு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஐந்து நொடிக்கு மேல் யாரும் நிற்கவில்லை. இப்போது எதிலும் 50 சொல்லுக்கு மேல் கிடையாது. பாலத்து மூலைக்கல் பக்கத்துப் பலகை, “இந்தப் பள்ளத்தில் விரலை வையுங்கள்” என்று தொடங்குகிறது. வைத்துவிட்டுத்தான் எல்லோரும் மீதியைப் படிக்கிறார்கள். பலகைகளை இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பொருத்தினோம். குழந்தையும் நாற்காலியில் இருப்பவரும் படிக்கலாம், நிற்பவருக்கு ஆறு மறைக்காது. பெரியவர் சொன்னதை எழுதிய பிறகு அவருக்கே படித்துக் காட்டித் திருத்தம் வாங்கினோம். இரண்டு இடத்தில் நாங்கள் தவறாகப் புரிந்திருந்தோம்.

படித்துறையின் தலைமாட்டில் ஒரு குத்துக்கல், அதில் மூன்று கிடைக்கோடுகள். வெள்ளம் ஏறிய உயரங்கள். எழுத்து தேய்ந்துவிட்டது, கோடு தேயவில்லை. ஆறு ஓடும் ஊர்களில் இது உலகெங்கும் உண்டு. எல்பே ஆற்றில் செக் நாட்டின் டெச்சின் நகரருகே வறட்சிக்கு ஒரு கல் இருக்கிறது. நீர் மிகத் தாழ்ந்தால்தான் தலைகாட்டும். அதில் படிக்கக்கூடிய மிகப் பழைய ஆண்டு 1616. ‘என்னைக் கண்டால் அழு’ என்று ஜெர்மன் மொழியில் பொறித்திருக்கிறார்கள். 2018 வறட்சியில் அது வெளியே வந்தது. எங்கள் கல்லின் நடுக்கோட்டை வைத்துத்தான் பூங்காவில் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தோம். அதற்குக் கீழே இருக்கும் எதுவும் தண்ணீரில் முழுகி எழ வேண்டும், அல்லது கழற்றி எடுத்துப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். கீழ்ப் பலகைகளின் தகட்டை நான்கு திருகாணி கழற்றினால் கையோடு எடுத்துப் போகலாம். மிதவைச் சட்டை அலமாரியும் கழிப்பறையும் மேல்கோட்டுக்கும் மேலே.

இரண்டாம் வெள்ளம் போன மாதம் வந்தது. முந்தின மாலையே தகடுகளைக் கழற்றிவிட்டோம். இரண்டு நாள் படித்துறை முழுகிக் கிடந்தது, தண்ணீர் குத்துக்கல்லின் கீழ்க்கோட்டுக்கு நான்கு விரல் கீழே வரை ஏறியது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் படிகளில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல், அவ்வளவுதான். வாளியும் துடைப்பமுமாக ஒன்றரை மணி நேரத்தில் கழுவிவிட்டோம். 14-ஆம் படியில் ஒரு இடுக்கின் காரை போயிருந்தது. மரச்சட்டங்களில் ஒன்று பிடிப்பு தளர்ந்து ஒரு பக்கம் தூக்கியிருந்தது, கம்பிக் கூடையின் மேல்கட்டை இன்னும் இறுக்க வேண்டும். மேட்டுப்பாதையின் மூன்றாம் இறக்கம் வண்டலால் அடைபட்டிருந்தது, மண்வெட்டியால் திறந்துவிட்டோம். பழைய கான்கிரீட் துறையின் மேல் இன்னும் ஒன்றரை அடி மண் சேர்ந்திருக்கிறது. அங்கே நாணல் முளைத்துவிட்டது.

போன சனிக்கிழமை இரவு ஒரு பெண் போனில் கேட்டார், இரண்டு குழந்தைகளோடு மறுநாள் படகு விட வரலாமா என்று. பலகையைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார் போல.

“அண்ணா, எத்தனாவது படியில தண்ணி?”

டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கி, மேலிருந்து எண்ணினேன். “பதினாறு நனைஞ்சிருக்கும்மா. காலைல பதினேழுக்கு வந்துரும். வாங்க.”